'டிரிங்கோமலி' திருகோணமலையில் கட்டிய கப்பலா?

"இங்கிலாந்தில் அருங்காட்சியகமாக நிற்கும் 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் திருகோணமலையில் கட்டியது, மரம் வெட்டிக் கொடுத்தது நம் தோட்டத்து முன்னோர்" என்று ஒரு படம் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

பெயர் மட்டுந்தான் நம் ஊருடையது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபரில் கடலில் இறக்கிய கப்பல் அது. கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது இரண்டே வருடம். கோப்பித் தோட்டங்களுக்கு நம்மவர்கள் வரத் தொடங்கியதே 1820களில்தான். வராத ஆட்கள் எப்படி மரம் வெட்டியிருப்பார்கள்?

பின்னாளில் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய், 1990 முதல் 2001 வரை புதுப்பித்தார்கள். அந்த வேலை நடக்கும்போதே, 1992இல், பழைய பெயரும் திரும்பியது. படத்தில் இருப்பது அதே கப்பல்தான், அது மட்டும் சரி.