கெல்லி கிளார்க்சனின் முதல் ஆல்பத்துக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை

அமெரிக்கப் பாப் பாடகி கெல்லி கிளார்க்சனைப் பற்றி யார் எழுதினாலும் 2004இல் வந்த ‘பிரேக்அவே’ ஆல்பத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் வந்த ‘தாங்க்ஃபுல்’ என்றால், “டிவி போட்டியில் ஜெயித்த பெண்ணை வைத்து அவசர அவசரமாகப் போட்ட ஆல்பம்” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அவசரமாகப் போட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அவசரத்தின் பழியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த ஆல்பத்தில் தட்டையாக இருக்கும் இடங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் அவருக்காகத் தேர்ந்தெடுத்தவை. உயிரோடு இருக்கும் இடங்களில் பெரும்பாலும் அவருடைய பேனாவும் கூட இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வித்தியாசத்தை யாரும் கவனித்து எழுதாதது எனக்கு வருத்தம்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டெக்சாஸ் மாநிலத்தின் பர்ல்சன் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர் கெல்லி. பாடகியாகும் ஆசையில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ப் பார்த்து, எதுவும் அமையாமல் ஊர் திரும்பியவர். டல்லாஸில் நடந்த குரல் தேர்வுக்குப் போனார். 2002 செப்டம்பர் 4 அன்று, பார்வையாளர்கள் போனில் ஓட்டுப் போட்டுப் பாடகரைத் தேர்ந்தெடுக்கும் ‘அமெரிக்கன் ஐடல்’ டிவி போட்டியின் முதல் சீசனில், ஜஸ்டின் குவாரினியைத் தாண்டி வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. வெற்றிப் பாடலாக வெளியான ‘எ மொமென்ட் லைக் திஸ்’, அமெரிக்காவில் வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதலிடத்துக்குத் தாவியது. 1964இல் பீட்டில்ஸ் போட்டிருந்த தாவல் சாதனையை அந்தப் பாட்டு முறியடித்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். செப்டம்பர் தொடக்கத்தில் கிரீடம். அடுத்த ஏப்ரல் 15 அன்று ஆல்பம் கடையில். நடுவில் ஏழு மாதம்தான். அந்த ஏழு மாதத்துக்குள் சக போட்டியாளர்களோடு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். கூடவே குவாரினியோடு ஜோடியாக நடிக்க வேண்டிய ஒரு சினிமா வேறு. அது 2003 ஜூனில் வந்து படுதோல்வி அடைந்தது. மிச்சமிருந்த நேரத்தில்தான் பாட்டுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, பாடி, பதிவு செய்து முடித்தார்கள். ஒரு புதுப் பாடகி தான் யார், தனக்கு எந்த மாதிரி மெட்டு ஒத்துவரும், எங்கே குரலை அடக்கினால் அழகு என்றெல்லாம் கண்டுபிடிக்கும் காலம் வருடக்கணக்கில் நீளும். அந்தக் காலத்தை இவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

போட்டி மேடைக்கும் ஆல்பத்துக்கும் வேண்டிய திறமைகளே வேறு வேறு. மேடையில் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு. அதற்குள் நடுவர்களைப் புருவம் உயர்த்த வைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களைப் போனை எடுக்க வைக்க வேண்டும். அதனால் பாட்டின் உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பாடுவார்கள். மேல் ஸ்தாயியில் நீண்ட ஒரு கார்வை, நாலு பிருகா, கைதட்டல். அரீதா ஃபிராங்க்ளின் பாட்டை அந்த வயதில் அப்படிப் பாடுவது சாதாரண விஷயமில்லை. கெல்லி பாடினார், அதற்குத்தான் ஜெயித்தார். ஆனால் பன்னிரண்டு பாட்டு கொண்ட ஒரு ஆல்பத்தில் பன்னிரண்டு முறையும் உச்சிக்கே ஏறிக்கொண்டிருந்தால் கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும். அங்கே வேண்டியது சும்மா பேசுகிற மாதிரி ஒரு சரணத்தைச் சொல்லத் தெரிவது, சில வரிகளை வேண்டுமென்றே விட்டுப் பிடிப்பது. இதையெல்லாம் போட்டி கற்றுத்தராது. சொல்லப்போனால் போட்டி இதற்குத் தண்டனை கொடுக்கும்.

‘தாங்க்ஃபுல்’ ஆல்பத்தின் பலவீனமான பாட்டுகள் எல்லாம் இன்னும் அந்தப் போட்டி மேடையிலேயே நிற்கின்றன. ‘சம் கைண்ட் ஆஃப் மிரக்கிள்’, ‘எனிடைம்’ இரண்டையும் கேளுங்கள். தொழில் சுத்தமாகத்தான் இருக்கிறது. மெதுவாக ஆரம்பிக்கும், பின்னணி இசை தடிக்கும், கடைசியில் குரல் வானத்தைத் தொடும். ஆனால் அதைக் கெல்லிதான் பாட வேண்டும் என்ற அவசியமே இல்லை. அன்றைக்கு நல்ல குரல் இருந்த யாரிடம் கொடுத்திருந்தாலும் இதே மாதிரிதான் வந்திருக்கும். ஆல்பத்தின் கடைசி இரண்டு இடங்களில் போட்டியின் இரண்டு வெற்றிப் பாடல்களும் உட்கார்ந்திருக்கின்றன. அவை இருந்தால்தான் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் வாங்குவார்கள் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் ஆல்பம் அதற்குள் எங்கேயோ போய்விட்டிருக்கிறது. அந்த இரண்டும் பின்னால் இழுக்கின்றன.

இப்போது ‘மிஸ் இண்டிபென்டன்ட்’டுக்கு வருகிறேன். இந்த ஒரு பாட்டுக்காகவே இவ்வளவும் எழுதலாம். பாடகி கிறிஸ்டினா அகிலேராவும் தயாரிப்பாளர் ரெட் லாரன்ஸும் தொடங்கி, பாதியில் நின்றுபோன பாட்டு அது. அகிலேராவும் அப்போது கெல்லியின் ஆல்பத்தை வெளியிட்ட அதே ஆர்.சி.ஏ. இசை நிறுவனத்தில்தான் இருந்தார். அரைகுறையாகக் கிடந்த அந்தப் பாட்டு கெல்லியிடம் வந்தது. லாரன்ஸோடு உட்கார்ந்து அவர் அதை எழுதி முடித்தார். சரணத்தில் வார்த்தைகளைத் துண்டு துண்டாக, தாளத்துக்குக் குறுக்கே வெட்டி வெட்டிப் போடுகிறார். குரல் பெரிதாக விரியவே இல்லை, பல்லை இறுக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. கோரஸில் கிடார் முரட்டுத்தனமாக நுழையும்போதுதான் முழுக் குரலும் வருகிறது. அதுவரை பூட்டி வைத்ததால்தான் அது அவ்வளவு பலமாக விழுகிறது. தன் குரலைக் காட்டுவதை நிறுத்திவிட்டு அதை உபயோகிக்க ஆரம்பித்த பாடகி அங்கே இருக்கிறார். பாட்டு ஹாட் 100இல் 9ஆம் இடம் வரை வந்தது, கிராமி பரிந்துரையும் பெற்றது. அந்தப் பிரிவில் விருது அகிலேராவுக்கே போனது, வேறொரு பாட்டுக்காக.

இன்னும் மூன்று பாட்டுகளில் அவர் பெயர் எழுத்தாளர்கள் வரிசையில் இருக்கிறது. ‘த டிரபிள் வித் லவ் இஸ்’ தேவாலயத்துச் சேர்ந்திசையும் பழைய சோல் இசையும் கலந்த பாட்டு. ஆல்பத்தை அதில் ஆரம்பித்தது நல்ல முடிவு. ‘யூ தாட் ராங்’ பாட்டில், அதே சீசனில் நாலாவதாக வந்து வெளியேறிய டமைரா கிரே கூடப் பாடுகிறார். நேற்று வரை ஒருவரையொருவர் ஓட்டில் முந்த வேண்டியிருந்த இரண்டு பெண்கள் ஒரே மைக்குக்கு முன்னால் மாறி மாறிப் பாடும்போது யார் பெரியவர் என்ற கேள்வியே எழவில்லை. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுக்கிறார். பாடலாசிரியர், தயாரிப்பாளர் பேபிஃபேஸோடு சேர்ந்து எழுதிய தலைப்புப் பாடல் இவற்றைவிட ஒரு படி கீழேதான். ஆனாலும் மற்ற மெதுவான பாட்டுகளில் இல்லாத ஒரு நிதானம் அதில் இருக்கிறது.

‘பியூட்டிஃபுல் டிசாஸ்டர்’ கெல்லி எழுதிய பாட்டு இல்லை. ஆனால் என் வாதத்துக்கு அதுதான் முக்கியச் சாட்சி, ஏனென்றால் அது இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. ‘தாங்க்ஃபுல்’ பதிவில் தாளம், கிடார், அடுக்கடுக்கான பின்குரல் என்று நெருக்கடி. பாட்டு எதைப் பற்றியது என்பதே காதில் விழாமல் ஓடிவிடுகிறது. ‘பிரேக்அவே’யின் கடைசியில் அதே பாட்டு மேடைப் பதிவாக வருகிறது, பியானோவின் துணை மட்டும். தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒருவனை விட்டு விலகவும் முடியாமல் சேர்ந்து வாழவும் முடியாமல் தவிக்கிற பெண் அப்போதுதான் வெளியே வருகிறாள். ஒரு வரியின் முடிவில் குரல் லேசாக உடைகிறது. அதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை. வரிகள் அதேதான், மெட்டும் அதேதான். பாடகிக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ‘பிகாஸ் ஆஃப் யூ’ பாட்டைக் கெல்லி தன் 16ஆவது வயதில் எழுதத் தொடங்கினார். பெற்றோர் பிரிந்த வீட்டில் வளர்ந்த குழந்தையின் பயத்தைப் பற்றிய பாட்டு. முதல் ஆல்பத்துக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு இவானசென்ஸ் என்ற ராக் குழுவிலிருந்து வந்த பென் மூடி, டேவிட் ஹாட்ஜஸ் இருவரோடும் சேர்ந்து அதைச் செப்பனிட்டு இரண்டாவது ஆல்பத்தில் சேர்த்தார். 2005இல் சிங்கிளாக (தனிப்பாட்டாக) வந்து ஹாட் 100இல் 7ஆம் இடம் பிடித்தது. உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்லும் பாட்டுகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. 2003இல் அந்த லேபிளின் (இசை நிறுவனத்தின்) மேசைமேல் அந்தப் பாட்டு இருந்தது. அதைத் தள்ளிவிட்டு ‘எனிடைம்’ மாதிரிப் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தார்கள். முதல் ஆல்பத்தில் ஆழம் இல்லை என்று விமர்சிப்பவர்கள், ஆழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியது யார் என்றும் கேட்க வேண்டும்.

லேபிள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. டிவி புகழ் சீக்கிரம் ஆறிப்போகும். அடுத்த சீசன் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. புது முகங்கள் வந்துவிட்டன. முதல் சீசனின் வெற்றியாளர் ஆல்பம் போட்டால் விற்குமா என்பதற்கு முன்னுதாரணமே அமெரிக்காவில் கிடையாது. ஆர்.சி.ஏ.வின் தலைமையில் இருந்த கிளைவ் டேவிஸ், விட்னி ஹியூஸ்டனை உருவாக்கிய மனிதர். பெரிய குரலுக்குப் பெரிய மெதுவான பாட்டு என்பது அவர் கையில் பலமுறை ஜெயித்த சூத்திரம். முதல் வாரத்திலேயே 2,97,000 பிரதிகள் விற்று ‘தாங்க்ஃபுல்’ பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் அமர்ந்தது. வியாபாரக் கணக்கில் அவர்கள் தப்பு செய்யவில்லை.

ஆனால் முதல் வாரக் கணக்கு எதைக் காட்டுகிறது? போட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ‘பிரேக்அவே’ ஒருநாளும் முதலிடத்துக்கு வரவில்லை. 3ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது, 2006இல் இரண்டு கிராமியும் வாங்கித் தந்தது. இரண்டாவது ஆல்பத்தை வாங்கிய பலருக்கு அவர் எந்தப் போட்டியில் ஜெயித்தார் என்பது முக்கியமாகவே இருந்திருக்காது.

சும்மா காத்திருந்தால் மட்டும் நல்ல ஆல்பம் வந்துவிடும் என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2006 டிசம்பரில் ‘த எக்ஸ் ஃபேக்டர்’ ஜெயித்த லியோனா லூயிஸுக்கும் வெற்றிப் பாடலாகக் கொடுக்கப்பட்டது இதே ‘எ மொமென்ட் லைக் திஸ்’தான். ஆனால் அவருடைய ‘ஸ்பிரிட்’ வர 2007 நவம்பர் ஆனது, ஏறக்குறைய ஒரு வருடம். அந்த அவகாசம் அவர் பாடுவதில் கேட்கிறது, தயாரிப்பிலும் கேட்கிறது. இருந்தாலும் அந்த ஆல்பத்தை முடித்தபின் பாடியவர் எப்படிப்பட்ட பெண் என்று எனக்குத் தெரியவில்லை. கேரி அண்டர்வுட்டின் விஷயம் வேறு. 2005இல் ஐடல் ஜெயித்த அவரை நாஷ்வில்லுக்கு அழைத்துப் போய் நாட்டுப்புற கன்ட்ரி இசையில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆல்பம் வந்தபோது அவர் எங்கே நிற்கிறார் என்பதில் குழப்பமே இல்லை, ஏனென்றால் அது அவர் வளர்ந்த இசை. கெல்லிக்கு அப்படி ஒரு வீடு தயாராக இருக்கவில்லை. சோல், ராக், மெதுவான பாப் மூன்றுமே அவருக்கு வரும். எல்லாம் வருகிறவரிடம்தான் “உனக்கு எது வேண்டும்?” என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காதபோதும் அவர் விடவில்லை என்பதுதான் ‘தாங்க்ஃபுல்’ மேல் எனக்கு உள்ள மரியாதை. பன்னிரண்டில் நான்கு பாட்டுக்குள் எப்படியோ நுழைந்து தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். 2007இல் ‘மை டிசம்பர்’ ஆல்பத்துக்காக இதே கிளைவ் டேவிஸோடு அவர் வெளிப்படையாக மோதியபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். முதல் ஆல்பத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இதுவரை கேட்காதவர்கள் ஆல்பத்தை வரிசைப்படி கேட்க வேண்டாம். முதலில் ‘மிஸ் இண்டிபென்டன்ட்’, அடுத்து ‘யூ தாட் ராங்’, பிறகு ‘லோ’ (மேலே சொல்ல விட்டுப்போன, கோபத்தைக் கத்தாமல் சொல்லும் நல்ல கிடார் பாட்டு), அதன்பின் ‘த டிரபிள் வித் லவ் இஸ்’. நாலும் பிடித்தால் மற்ற எட்டுக்குப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கீழே எழுதுங்கள், இந்த ஆல்பத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச நான் தயார்.