மேக்பை பறவைய அடையாளம் காண வால பாருங்க, நிறத்த இல்ல
ஒரு பறவை கருப்பு வெள்ளையா இருந்தா அது மேக்பைன்னு (காக்கா குடும்பத்துப் பறவை) முடிவு பண்ணிரலாம்னு இந்தக் கட்டுரைல போட்டிருக்கறது சரியா வராதுங்க, லண்டன்ல எங்க வீட்டுப் பின்னாடி தெனமும் ரெண்டு வருது, நிழல்ல கருப்பாதான் தெரியும், புல்லுல எறங்கி வெயில் பட்டதும் ரெக்கை நீலமா வாலு பச்சையா மினுங்கும், அந்த வாலுதான் அடையாளமே, மொத்தம் 45 செ.மீ. நீளம்னா பாதிக்கு மேல அதுதான். கத்துறது தீப்பெட்டிய குலுக்குற மாதிரி கடகடன்னு இருக்கும் (காலைல தூங்க விடாது). மேல கருத்துல ஒருத்தர் சிட்னில மேக்பை தலைல கொத்த வந்துச்சுன்னு எழுதிருக்காரு, அந்த ஆஸ்திரேலிய மேக்பை காக்கா குடும்பமே இல்ல சார், அங்க போய் குடியேறின வெள்ளக்காரங்க ஊர் நெனப்புல வச்ச பேரு. நம்மூரு குண்டுகரிச்சானையும் இங்கிலீஷ்ல மேக்பை ராபின்னுதான் சொல்றாங்க, அது ஈப்பிடிப்பான் வகை, மைனாவ விடச் சின்னது.