56 ஏபிஓ-வில் இருந்தவர்கள்

ஜனவரி 26 வந்தால் பள்ளிக்கூடங்களில் ஊரிலிருக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரைக் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். மைக்கைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறோம். அவரும் நாடு, கடமை, ஒழுக்கம் என்று நாம் எதிர்பார்ப்பதைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இருபது வருஷ சர்வீஸில் அவர் என்ன பார்த்தார், என்ன சாப்பிட்டார், யாருக்காக அழுதார் என்று யாரும் கேட்பதில்லை. நமக்குத் தேவை அவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யும் ஆட்கள். சால்வை போட ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்வார்கள். அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். இரண்டாம் உலகப்போரில் 25 லட்சம் பேர் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். அதில் பர்மா முனைக்குப் போன தமிழர்கள் எத்தனை பேரின் குரல் நம்மிடம் இருக்கிறது? அந்தத் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1962 சீனப் போரில் இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். 1971-ல் இருந்தவர் எழுபதுகளின் நடுவில் இருப்பார்.

மற்ற இடங்களில் இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தார்கள். லண்டனில் இம்பீரியல் வார் மியூசியம் 1972-லேயே ஒலிப்பதிவுக்குத் தனிப்பிரிவு தொடங்கியது. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று மையம் 1979-ல் வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றி அங்கே பதிவுகள் இருக்கின்றன, தமிழிலும் பேட்டி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, இந்தப் பொறுப்பை அதன் நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸிடம் கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, யார் வேண்டுமானாலும் போய்ப் பேட்டி எடுக்கலாம் என்பதுதான். பேரன் தாத்தாவிடம் எடுக்கலாம். குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். சமையல்காரர், கிளார்க், டிரைவர் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு.

நம் நாட்டில் ஜெனரல்கள் புத்தகம் எழுதினார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாயக், ஹவில்தார் போன்ற கீழ்நிலைப் படைவீரர்கள் எழுதவில்லை. 2021-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை வெளியிட்டது. போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருஷத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆவணத்தில் இருப்பது பட்டாலியன் எப்போது எங்கே நகர்ந்தது என்பது. அந்த ராத்திரி எப்படி இருந்தது என்பது ஆளின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம். 1971-ல் கிழக்கு எல்லையில் ஷக்திமான் என்ற ராணுவ லாரி ஓட்டிய ஒரு பெரியவரிடம் பேசினேன். எடுத்த எடுப்பிலேயே, "நான் சண்டை போடல தம்பி, வண்டிதான் ஓட்டினேன். என்கிட்ட என்ன இருக்கு?" என்றார். ராத்திரி வண்டி ஓட்டியதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் ஐயா என்றேன். ஹெட்லைட் போடக்கூடாது. முன்னால் போகும் லாரியின் பின் அச்சு நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்ப் வைத்திருப்பார்கள். மேலிருந்து பார்க்கும் விமானத்துக்கு அது தெரியாது. பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளைப் பொட்டை மட்டும் பார்த்துக்கொண்டே ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். கண் அசந்தால் பள்ளத்தில். பொட்டு ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் முன்வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். பொட்டு மறைந்தால் வழி தவறிவிட்டோம் என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது அவர் கை தானாக ஸ்டீயரிங் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகன் இதை அதுவரை கேட்டதே இல்லை.

அதனால் வீரக்கதை கேட்டுக்கொண்டு போகாதீர்கள். ஏன் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். பாதிப்பேர் வீட்டில் சோறு இல்லாத கதையைச் சொல்வார்கள். முதல் ரயில் பயணம், இந்தி தெரியாமல் வாங்கிய தண்டனை, சப்பாத்தி தொண்டையில் இறங்காத முதல் மாசம், இதெல்லாம் கேளுங்கள். அவர் வீட்டு அம்மாவையும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். புருஷன் காஷ்மீரில் இருக்கிறாரா ராஜஸ்தானில் இருக்கிறாரா என்று தெரியாது, கடிதம் போட ஊர்ப் பெயருக்குப் பதில் '56 ஏபிஓ' என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும்தான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்திய பெண்களின் கதையும் போரின் கதைதான்.

நான் மிகவும் கவலைப்படுவது இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர்களைப் பற்றி. 1987-ல் போய் 1990 மார்ச்சில் திரும்பினார்கள். 1,100-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. கடைசி அணி கப்பலில் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் தமிழர்கள் பட்ட துயரத்தால் இங்கே இருந்த கோபத்தின் அடையாளம் அது. கோபத்தில் நியாயம் இருந்தது. 1987 அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் அமைதிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை யாரும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

ஆனால் அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். செக்போஸ்டில் நிற்கும் கிழவி கெஞ்சுவது பக்கத்தில் நிற்கும் வடநாட்டுச் சிப்பாய்க்குப் புரியாது, இவருக்குப் புரியும். பல இடங்களில் நடுவில் நின்று மொழிபெயர்த்தவர்களும் இவர்கள்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள்? ஊருக்குத் திரும்பிய பிறகு டீக்கடையில்கூட எங்கே இருந்தேன் என்று வாயைத் திறக்காமல் முப்பத்தைந்து வருஷத்தை ஓட்டியவர்கள் உண்டு. இவர்களைப் பதிவு செய்வது இவர்களை நியாயப்படுத்துவது ஆகாது. யாழ்ப்பாணத்து மக்களின் சாட்சியமும் இவர்களின் சாட்சியமும் பக்கம் பக்கமாக இருந்தால்தான் நாளைக்கு ஒருவர் உண்மையைத் தேட முடியும். ஒரு பக்கம் மட்டும் மௌனமாகச் செத்துப்போனால் அந்த மௌனத்துக்கு ஆளாளுக்கு ஒரு கதை எழுதிவிடுவார்கள்.

ஞாபகம் தப்பாதா என்று கேட்பார்கள். தப்பும். தேதி மாறும், பக்கத்து ஆளுக்கு நடந்தது தனக்கு நடந்ததாக ஆகும். அதைச் சரிபார்க்கத்தான் படைப்பிரிவுக் குறிப்புகளும் மற்ற சாட்சிகளும் இருக்கின்றன. சரிபார்க்க முதலில் குரல் இருக்க வேண்டும்.

சில காரியங்களில் கறாராக இருங்கள். முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தான் இருக்கும்வரை வெளியிடக் கூடாது என்று அவர் சொன்னால் அதை எழுதிக்கொண்டு அப்படியே நடங்கள். பேச்சு நின்றால் ரெக்கார்டரை நிறுத்துங்கள், அழுகிறவரை வீடியோ எடுக்காதீர்கள். மூன்று நிமிட ரீல்ஸாக வெட்டிப் போடவே போடாதீர்கள். டிவியையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அரசாங்கம் மனசு வைத்தால் இது பெரிய செலவு இல்லை. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன, யார் எந்த ஊரில் என்ற பதிவேடும் இருக்கிறது. பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்கள். அப்போதே 'பேச விருப்பமா' என்று ஒரு வரி கேட்டால் பட்டியல் தயார். பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பலாம். பதிவுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ வைக்கலாம்.

அதுவரை நாம் செய்வோம். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் உங்கள் அப்பாவோ தாத்தாவோ சித்தப்பாவோ பேசத் தயார் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வருகிறேன். அமைதிப்படையில் இருந்தவர் என்றால் முதலில் அவர்களிடம் வருகிறேன். பதிவின் ஒரு பிரதி அன்றைக்கே உங்கள் வீட்டில் இருக்கும். வெளியே போவதும் போகாததும் அவர் முடிவு.