அவள் மறுக்கும் இடம்

காதல் நாவல் படிப்பவர்கள் மீது நம்மூரில் ஓர் இளப்பம் உண்டு. சரித்திர நாவல் படித்தால் விஷயம் தெரிந்தவர், துப்பறியும் கதை படித்தால் மூளைக்காரர், காதல் கதை படித்தால் மட்டும் "இன்னுமா அந்த வயசு தாண்டல?" என்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல?" என்று கேட்டார். ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் படித்ததைவிட இப்போதுதான் அதிகமாகப் படிக்கிறேன். ஏன் என்று அவரிடம் கன்னியகோயிலுக்கும் தவளக்குப்பத்துக்கும் இடையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காதல் நாவலைக் கையில் எடுத்தால் நான் காத்திருப்பது அவள் அவனிடம் "மாட்டேன்" என்று சொல்லும் இடத்துக்காக. அதைக் கேட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் மனசு தெரியும். அந்த நாவலைப் படமாக எடுத்தால், இந்த ஓர் இடத்தை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். உடையும் மாளிகையும் இசையும் அப்புறம்தான்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-ல் வந்தது. அதில் எலிசபெத்திடம் முதலில் பெண் கேட்டு நிற்பவர் அவள் அப்பாவின் உறவுக்காரரான காலின்ஸ். அப்பா இறந்துவிட்டால் வீடும் நிலமும் இவருக்குத்தான் போகும், மகள்களுக்குக் கிடையாது. எலிசபெத் சரி என்று சொன்னால் அம்மாவுக்கும் நான்கு சகோதரிகளுக்கும் தலைக்கு மேல் கூரை மிஞ்சும். அவள் மாட்டேன் என்கிறாள். அவர் அசருவதே இல்லை. பெண்கள் முதல் தடவை மறுப்பது வழக்கம்தான், மனசுக்குள் சம்மதம் இருக்கும் என்று அவளுக்கே பாடம் எடுக்கிறார். அவள் திரும்பத் திரும்ப மறுக்கிறாள், அவர் திரும்பத் திரும்பச் சிரிக்கிறார். ஆஸ்டின் இந்த ஆளைப் படிப்பவர்கள் சிரிக்கவேண்டிய முட்டாளாகத்தான் படைத்திருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் எழுத்தாளர் முட்டாள்தனம் என்று காட்டிய அதே நினைப்பை நாம் எத்தனை படங்களில் கதாநாயகனுக்குக் கொடுத்து, விசிலும் அடித்திருக்கிறோம்!

அப்புறம் டார்சி வருகிறான். வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம். மொத்தம் 61 அத்தியாயங்களில் 34-வதில், கதையின் நட்டநடுவில், காதலிப்பதாகச் சொல்கிறான். சொல்லும்போதே அவள் குடும்பம் தன் தகுதிக்குக் குறைவானது என்றும் சேர்த்துச் சொல்கிறான். அவள் அவனை நிற்கவைத்து மறுக்கிறாள். தன் அக்காவின் மனசை உடைத்ததைக் கேட்கிறாள், பேச்சிலிருக்கும் திமிரைக் கேட்கிறாள். அவன் கிளம்பிவிடுகிறான். மறுநாள் அவள் நடந்துபோகும் வழியில் வந்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுக்கிறான், போய்விடுகிறான். துரத்தவில்லை, வீட்டு வாசலில் நிற்கவில்லை. மாதங்கள் கழித்து, அவளுடைய தங்கையை ஒரு பெரிய அவமானத்திலிருந்து அவளுக்கே தெரியாமல் காப்பாற்றிய பிறகு, இன்னொரு முறை கேட்கிறான். உன் முடிவு ஏப்ரலில் இருந்ததுபோலவே இருந்தால் ஒரு வார்த்தை சொல், இனி இதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்கிறான். இந்த வாக்கியத்துக்காகத்தான் டார்சியை எனக்குப் பிடிக்கும்.

1995-ல் பிபிசி எடுத்த ஆறு பாகத் தொடரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் டார்சியாக நடித்த காலின் ஃபிர்த் குளத்தில் குதித்துவிட்டு நனைந்த சட்டையோடு வருவதைத்தான் சொல்கிறார்கள். அது நாவலில் இல்லாத காட்சி. எனக்கு அதைவிட நான்காம் பாகத்தின் தொடக்கம் பெரிது. மூன்றாம் பாகம் அவள் மறுப்போடு முடிகிறது. அடுத்தது அவன் கொதிப்போடு திரும்பிவந்து இரவெல்லாம் உட்கார்ந்து கடிதம் எழுதுவதில் தொடங்குகிறது. நாவலில் நாம் கடிதத்தை எலிசபெத்தின் கண்ணால்தான் படிக்கிறோம், எழுதியவன் பட்ட பாடு தெரியாது. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் அதைக் காட்டுகிறார். 'புத்தகம்தான் எப்பவும் உசத்தி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் பதிலாகக் காட்டுவேன்.

2005-ல் ஜோ ரைட் எடுத்த படத்தில் மறுப்புக் காட்சி கொட்டும் மழையில் நடக்கிறது. நாவலில் அது ஒரு வீட்டுக்குள், நாலு சுவருக்குள் நடப்பது. மழை எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும், கீரா நைட்லியின் கோபத்தில் ஒரு சொட்டுகூட மழையில் கரையவில்லை. அதனால் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் 1940-ல் வந்த ஹாலிவுட் படத்தின் மீதுதான். நாவலின் கடைசிப் பகுதியில் டார்சியின் பெரியம்மா லேடி கேத்தரின் வந்து, அவனைக் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய் என்று எலிசபெத்தை மிரட்டுவாள். எலிசபெத் முடியாது என்பாள். அந்தச் செய்தி காதுக்குப் போன பிறகுதான் டார்சிக்கு மறுபடி நம்பிக்கையே வரும். அந்தப் படத்தில் லேடி கேத்தரின் அவனுக்காகத் தூது வந்த நல்ல பெரியம்மாவாக மாறிவிடுகிறாள். எலிசபெத் எதிர்த்து நின்றதற்கே அர்த்தமில்லாமல் போகிறது. லாரன்ஸ் ஒலிவியே நடித்தும் படம் எனக்கு ஒட்டாமல் போனதற்கு அதுதான் காரணம்.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847) இன்னும் கடினமான இடத்துக்குப் போகிறது. இங்கே ஜேனுக்கு, தான் வேலை பார்க்கும் வீட்டின் எஜமான் ரோசெஸ்டர் மேல் கொள்ளைக் காதல். கல்யாண நாளன்று, அவனுடைய முதல் மனைவி உயிரோடு அதே வீட்டின் மேல்மாடியில் அடைபட்டிருப்பது தெரியவருகிறது. ரோசெஸ்டர் கெஞ்சுகிறான், பிரான்சுக்குப் போய் வாழலாம் என்கிறான். உனக்கென்று கேட்க யார் இருக்கிறார்கள் என்று மனசே கேட்கும்போது, எனக்கு நான் இருக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள். கையில் இருந்த இருபது ஷில்லிங்கை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, சோற்றுக்கு வழியில்லாமல் அலைகிறாள். சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாத பெண் இப்படி ஒரு முடிவெடுத்ததை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். 2011-ல் கேரி ஃபுகுனாகா எடுத்த படம் அவள் அந்த வீட்டைவிட்டு ஓடிவருவதிலிருந்தே தொடங்குகிறது. இயக்குநர் நாவலைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று எனக்கு முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. நம்முடைய 'சாந்தி நிலையம்' (1969) இந்தக் கதையின் சாயலில் வந்ததுதான். காஞ்சனாவுக்காகவும் 'இயற்கை என்னும் இளைய கன்னி'க்காகவும் அம்மா அதை எப்போது போட்டாலும் பார்ப்பார்.

நம் காதல் கதைகளில் மறுப்பு பெரும்பாலும் வீட்டாருடையது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தில் பொன்முடியையும் பூங்கோதையையும் பிரிப்பது இரண்டு அப்பாக்களின் பகை. (அது 1950-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'பொன்முடி' என்று படமானது. பெருமாள் கோயில் தெருவில் இருக்கும் பாரதிதாசன் வீட்டு அருங்காட்சியகத்துக்குப் புதுச்சேரி வருபவர்கள் கட்டாயம் போகவேண்டும், பலர் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள்.) சாதி தடுக்கும், பணம் தடுக்கும், அண்ணன் அரிவாள் எடுப்பான். எல்லாவற்றையும் அவன் ஜெயிப்பான். பெண்ணே விருப்பமில்லை என்று சொன்னால் என்ன செய்வதென்றுதான் நம் படங்களுக்குத் தெரியவில்லை. அதையும் ஜெயிக்கவேண்டிய இன்னொரு தடையாகவே வைத்துவிட்டார்கள்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தியை ஒருவன் தினமும் பேருந்து நிலையத்தில் நின்று பின்தொடர்ந்தான். அவள் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம்டி, உண்மையா லவ் பண்றான்." அவள் பேருந்தை மாற்றினாள், பிறகு கல்லூரியையே மாற்றினாள். அவன் பக்கம் நின்று பேசியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. துரத்துவதுதான் காதல் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். டார்சியின் கடிதத்தை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு அவள்தான் காரணம்.

தமிழில் எனக்கு இந்த விஷயத்தில் நிறைவும் உறுத்தலும் ஒன்றாகத் தருவது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பாபுவைவிட மூத்தவள் யமுனா. அவன் ஆசையைச் சொன்னபோது ஏற்கவில்லை. வருஷக்கணக்கில் ஏற்கவில்லை. வறுமையில் அலைக்கழிந்து, சென்னையில் அவனிடம் வந்து சேர்ந்த பிறகுதான் இணங்குகிறாள். அப்போது 'இதற்குத்தானே?' என்று அவள் கேட்பது தமிழில் யாரும் மறக்காத ஒரு கேள்வி. அவன் காத்திருந்ததைப் பெரிய காதல் என்பார் என் கணவர். அவள் நிலைமை தாழும்வரை அவனுடைய ஆசை அங்கேயே நின்றிருந்ததே என்பேன் நான். இன்றுவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. ஞான ராஜசேகரன் 1995-ல் எடுத்த படம் அந்த நாவலின் கும்பகோணத்தையும் சங்கீதத்தையும் முழுசாகக் கொண்டுவந்துவிட முடியாது, இரண்டரை மணி நேரத்தில் யாராலும் முடியாது. ஆனால் அர்ச்சனா ஜோக்லேகரின் யமுனாவிடம் கெஞ்சல் இல்லை. நெடுமுடி வேணு பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவாகவே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) பற்றி ஒன்றே ஒன்று. ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் வீட்டை இழந்த தாயும் மூன்று மகள்களும் வருஷம் 500 பவுண்டில் காலம் தள்ளவேண்டும். மூத்தவள் எலினார் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அவள் நிலையில் பிறந்த பெண் வேலைக்குப் போக வழியில்லை. அதைத் தழுவிய ராஜீவ் மேனனின் படத்தில் மூத்தவளாக வரும் தபு சென்னைக்கு வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார். சம்பளம் வந்துவிட்டால் ஒரு பெண்ணால் காதலில் காத்திருக்கவும் முடியும், வேண்டாம் என்று விலகவும் முடியும். 1811-ல் எலினாருக்குக் கிடைக்காததைக் காரைக்குடிப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் தழுவல்.

கடலூர்க்காரியாக ஜெயகாந்தனைச் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலைக் காதல் கதை என்று யாரும் அடுக்கில் வைப்பதில்லை. என்னைக் கேட்டால் தமிழின் மிகப் பெரிய காதல் கதைகளில் ஒன்று. நாடக நடிகை கல்யாணியும் பத்திரிகைக்காரன் ரங்காவும் விரும்பிக் கல்யாணம் செய்கிறார்கள். தான் எதிர்பார்க்கிற மாதிரி அவள் தன்மேல் உருகவில்லை என்பது அவன் குறை. இல்லாத உருக்கத்தை நடித்துக் காட்ட அவளுக்கு வராது. மேடையில் நடிப்பவள், வீட்டில் நடிக்க மறுக்கிறாள். அவன் பிரிந்து போகிறேன் என்றால் காலைப் பிடித்துத் தடுக்கவும் மாட்டாள். விவாகரத்துக்காக வக்கீலிடம் போனால், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொன்னால்தான் ஆகும் என்கிறார். இருவரும் ஒப்பிப் பிரிவதற்கான பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல்தான் சேர்ந்தது, நாவல் அதற்கு முன்பே வந்துவிட்டது. அவன்மேல் பொய்க் குற்றம் சுமத்த அவளுக்கு மனசு வரவில்லை. 1978-ல் பீம்சிங் இயக்கிய படத்தில் லட்சுமி இந்த நிதானத்தை ஓர் இடத்தில்கூடக் கைவிடவில்லை. கால் நடக்க முடியாமல் அவள் படுத்த பிறகு ரங்காவாக வரும் ஸ்ரீகாந்த் திரும்பிவருகிறாரே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினின் கடைசி நாவல் 'பெர்சுவேஷன்' தமிழில் படமாகவேண்டும். பத்தொன்பது வயசில், பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, காசில்லாத கடற்படை இளைஞனை வேண்டாம் என்று சொன்னவள் ஆன். எட்டு வருஷம் கழித்து அவன் கேப்டனாக, 25,000 பவுண்டோடு திரும்புகிறான். அவள் அப்பாவோ கடன் தாங்காமல் பரம்பரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார், அதுவும் அவனுடைய அக்கா குடும்பத்துக்கே. 1995-ல் ரோஜர் மிஷெல் எடுத்த படம் ஆனின் மௌனத்தை மதித்தது. 2022-ல் வந்தது அவளைக் கேமராவைப் பார்த்து வாயாடவிட்டது. எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருந்தவள் நம்மிடம் மட்டும் எப்படி அரட்டையடிப்பாள்? எனக்கு அது பொறுக்கவில்லை.

இந்தக் கதைக்கு எங்கள் ஊர்தான் சரி. கப்பல் வேலைக்குப் போய் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து ஊர் திரும்பும் பையன்கள் இங்கே உண்டு. கடனில் மூழ்கி, திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீட்டை விடுதி நடத்துபவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஃபிளாட்டுக்குப் போன குடும்பங்களும் உண்டு. அவன் கடலூர் ஓல்டு டவுன் துறைமுகப் பக்கத்துப் பையனாக இருக்கட்டும், அவள் புதுச்சேரி வைசியாள் வீதிப் பெண்ணாக இருக்கட்டும். அவன் கடைசியில் எழுதும் கடிதத்தை மட்டும் வாட்ஸ்அப் செய்தியாக மாற்றிவிடாதீர்கள். அவளும் இன்னொருவரும் பேசிக்கொண்டிருக்க, அதே அறையில் உட்கார்ந்து அவன் அதைப் பேனாவால் எழுதவேண்டும், மேசையில் வைத்துவிட்டு வெளியே போகவேண்டும். முடிவை அவள் எடுக்கட்டும். எந்த இயக்குநராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், அந்த மாதிரி வீடு எங்கெங்கே இருக்கிறது என்று நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.