மேயர் படத்தைப் பகிர்கிறோம், அவர் கட்சியை எங்கே விட்டோம்?

ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 வந்தால் போதும், என் முகநூல் முழுக்க டி. எஸ். ராமநாதனின் கறுப்பு வெள்ளைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். 1957-ல் அந்தத் தேதியில்தான் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுன் மாநகரமானது. 'முதல் மேயர் நம்ம தமிழர்!' என்று மேலே எழுதியிருக்கும். கீழே நூறு கைகூப்பு, ஐம்பது 'பெருமையா இருக்கு அண்ணா'. ஆசிரியராக இருந்தவர், பினாங்கில் ஒரு சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் வரும். அவர் எந்தக் கட்சி என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள்.

தொழிற்கட்சி. இடதுசாரிக் கட்சி. இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னாலே எங்கள் ஊர் நிபோங் திபால் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

மேயராக அவரை உட்கார வைத்தது தமிழர் ஓட்டு மட்டும் இல்லை. ஒரு சின்ன மாநிலக் கட்சி, நகராண்மை, கிராம மன்றங்களுக்கு நடக்கும் ஊராட்சித் தேர்தல் என்ற ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே வந்து, ஆறே வருடத்தில் அந்த நாற்காலி வரைக்கும் போனது. அந்தக் கதவு இன்று பூட்டிக் கிடக்கிறது. என் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடத்தச் சட்டம் கொண்டு வந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1948-ல் கொண்டு வந்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். காட்டில் துப்பாக்கிச் சண்டை, பட்டணத்தில் ஊரடங்கு, நடுவில் ஓட்டுப்பெட்டி. தேர்தல் வரப்போகிறது என்றதும் மாநிலத்துக்கு மாநிலம் தொழிற்கட்சிகள் முளைத்தன. பினாங்குத் தொழிற்கட்சி அப்படிப் பிறந்த ஒன்றுதான். 1951 டிசம்பர் 1-ம் தேதி ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்தது அந்தச் சட்டப்படி மலாயாவில் நடந்த முதல் ஊராட்சித் தேர்தல். மொத்தம் ஒன்பது இடம். ராடிகல் கட்சி ஆறைத் தட்டிக்கொண்டு போனது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. ஒன்றே ஒன்று. ஆனாலும் கட்சி உயிரோடு இருந்தது. 1952 ஜூன் 26-ல் இந்த மாநிலக் கட்சிகளும் 21 தொழிற்சங்கங்களும் சேர்ந்து அகில மலாயா தொழிற்கட்சியை அமைத்தன. தலைவர் முகமது சோப்பி, மலாய்க்காரர். 1954-ல் அதுவே மலாயா தொழிற்கட்சி என்று பெயர் மாறியது.

இதை ஆரம்பித்தவர்கள் யார்? வாத்தியார்கள், கிராணிமார்கள் என்கிற குமாஸ்தாக்கள், சங்கச் செயலாளர்கள். ஆங்கிலம் படித்தவர்கள். பிரிட்டனின் தொழிற்கட்சியைப் பார்த்து வந்தவர்கள். அதனாலேயே 'வெள்ளைக்காரன் கையால் சோறு தின்ற கட்சி' என்று கிண்டல் செய்கிற தோழர்கள் எனக்கு உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் சூடாகப் பேசியவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

எஸ். ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி 1949 மே 4-ம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அவருக்குப் பின் சம்மேளனத்தைத் தூக்கிப் பிடித்த வீரசேனன் அதற்கு முந்தைய நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்மேளனத்தின் பதிவை 1948 ஜூனிலேயே ரத்து செய்துவிட்டார்கள். சட்டத்தையும் மாற்றினார்கள். சங்கப் பொறுப்புக்கு வருகிறவர் அந்தத் தொழிலில் மூன்று வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து தோட்டத்து ஆள்களைத் திரட்ட முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். ஜான் பிரேசியர் என்ற அரசாங்க ஆலோசகர், 'நல்ல' சங்கம் எப்படி நடத்துவது என்று பாடம் நடத்தினார். கணபதி தொங்கி இரண்டரை வருடத்தில் முதல் ஓட்டுப்பெட்டி. அந்த இடைவெளியில் பிறந்த கட்சி மெதுவாகப் பேசியதில் என்ன ஆச்சரியம்? எந்த நேரத்தில் எப்படிப் பேசினால் கழுத்து தப்பும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அவர்களிடம் எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. அந்தக் கட்சி பினாங்குத் தீவில் பிறந்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரை எட்டவில்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக. நிபோங் திபாலைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்பு. கலிடோனியா, பைராம், விக்டோரியா என்று வெள்ளைக்காரப் பெயர் வைத்த தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆள்கள் வந்து இறங்கிய மண். கரும்பு போய் ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. கலிடோனியா பங்களாவை 99 கதவு வீடு என்பார்கள். பேய் பார்க்க பையன்கள் கேமராவோடு போய் வீடியோ போடுகிறார்களே, அதேதான். 1948-ல் தோட்டத்து முதலாளி ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கதவைப் பற்றியும் பேயைப் பற்றியும் இத்தனை பேசுகிறோமே, அந்த வீட்டுக்கு எதிரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பற்றி ஒரு வீடியோவாவது உண்டா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் என்பது தனியார் நிலம். ஊராட்சி மன்றத்துக்கு அங்கே வேலை இல்லை. ஜார்ஜ் டவுனில் சாக்கடை அடைத்தால் வார்டு உறுப்பினரிடம் போகலாம். அடுத்த தேர்தலில் அவரை மாற்றலாம். லயத்தில் சாக்கடை அடைத்தால்? வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணியிடம் சொல்வார். கிராணியாருக்கு மனம் இருந்தால் தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்வார். பைப்புத் தண்ணீர், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகை, மருந்து, பள்ளிக்கூடம், கோயில் திருவிழாவுக்கு லீவு, கள்ளுக்கடை வரைக்கும் எல்லாம் ஒரே ஆள் கையில். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. அதைப் படித்தபோது எனக்குச் சம்பளக் கோரிக்கையெல்லாம் மறந்துபோனது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன மனிதனிடம் எந்த வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வருவார்?

இதே அவசரகாலத்தில்தான் சீனர்களை விளிம்புக் குடியிருப்புகளிலிருந்து பிடுங்கி முள்கம்பி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். கொடுமைதான். ஆனால் அந்தப் புதுக்கிராமங்களில் பலவற்றுக்கு 1952 சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம மன்றம் கிடைத்தது. மேடை ஏறிப் பழக, தோற்றுப் பழக, கணக்குக் கேட்டுப் பழக ஓர் இடம். பின்னாளில் தொழிற்கட்சிக்கு அங்கே தொண்டர்கள் நிறையக் கிடைத்தது சும்மா இல்லை. எங்கள் லயத்துக்கு வார்டும் இல்லை, மன்றமும் இல்லை. நம் ஆள்களுக்கு அரசியல் வராது, யார் பின்னாலாவது போவார்கள் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் கேட்பேன்: அரசியல் பழக அவர்களுக்கு எங்கே இடம் கொடுத்தீர்கள்?

ஓட்டாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1955 பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் 84 விழுக்காட்டுக்கு மேல் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே. பிறந்து வளர்ந்து பால்மரம் வெட்டிய மண்ணில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. தொழிற்கட்சி நான்கு இடத்தில் நின்றது, ஒன்றும் தேறவில்லை. அம்னோ, ம.சீ.ச., மலேசிய இந்தியக் காங்கிரஸான ம.இ.கா. சேர்ந்த கூட்டணிக்கு 52-ல் 51. தொழிலாளர் பெயரில் கட்சி இருக்கிறது, நாட்டின் ரப்பரை வெட்டுகிற தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. அந்தத் தோல்வியை வைத்து இடதுசாரிக்கு ஆதரவு இல்லை என்று எழுதுகிறவர்கள் வாக்காளர் பட்டியலையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

சுதந்திரத்தோடு குடியுரிமைக் கதவு கொஞ்சம் திறந்தது. தொழிற்கட்சியும் அகமது பூஸ்தாமாமின் ராயாட் கட்சியும் 1957-ல் சேர்ந்து சோசலிச முன்னணி ஆனார்கள். 1959 தேர்தலில் முன்னணிக்கு நாடாளுமன்றத்தில் எட்டு இடம். பங்சாரில் வி. டேவிட், டமன்சாராவில் கரம் சிங். அப்புறம், இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும், செபராங் செலாத்தானில் வி. வீரப்பன். ஆமாம், எங்கள் தொகுதி. தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் தொகுதி ஒரு சோசலிசத் தமிழரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. எல்லாம் தோட்டத்து ஓட்டு என்று நான் சொல்லவில்லை. சீனர் ஓட்டு இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் ஓட்டே இல்லாத 1955-ஐயும் ஓட்டு வந்த 1959-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் அப்பா சொன்ன ஒரு காட்சி. தோட்டத்து கேட்டுக்கு உள்ளே கூட்டம் போட விட மாட்டார்கள். வெளியே மெயின் ரோட்டோரம் லாரியை நிறுத்தி, ஒலிபெருக்கியை லயத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பேசுவார்களாம். உள்ளே இருக்கிறவர்கள் வாசலில் உட்கார்ந்து, கேட்காத மாதிரி கேட்பார்களாம். யார் வெளியே போய்க் கூட்டத்தில் நின்றார்கள் என்று மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோருக்குத் தெரிந்துவிடும். அப்பாவுக்குப் பேச்சாளர் பெயர் ஞாபகமில்லை. லாரியின் முன்பக்க விளக்கைச் சுற்றிப் பறந்த ஈசல் மட்டும் ஞாபகம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா, ம.இ.கா.வுக்கு ஓட்டு, இதுதான் வழக்கமாக இருந்தது என்பார். அதை அவர் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் குறை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரம், ஆள் மாற்றி ஆள் சிறைக்கு உள்ளே. 1964-ல் முன்னணிக்கு இரண்டே இடம். எங்கள் தொகுதியும் கையை விட்டுப் போனது. 1965-ல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். 1969 பொதுத் தேர்தலைத் தொழிற்கட்சி புறக்கணித்தது. என்னைக் கேட்டால் அது பெரிய முட்டாள்தனம், ஆனால் உள்ளே கிடந்தவர்களின் கோபம் எனக்குத் தெரியாது. 1972-ல் பதிவும் போனது.

இதில் கவனிக்க வேண்டிய ஆள் இன்னொரு தமிழர். ஊராட்சி மன்றங்களை ஆராய அரசாங்கமே அமைத்த விசாரணைக் குழுவின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.காரர். தேர்தல் வேண்டும் என்றுதான் அவர் குழு சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976 சட்டத்தோடு தேர்தலுக்கு முழுக்குப் போட்டாயிற்று, அப்புறம் நியமனம்தான். மேயர் படத்தைப் பகிர்கிறவர்கள் அடுத்த முறை ஆதி நாகப்பன் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

மலேசிய சோசலிசக் கட்சியைப் பற்றிக் கேட்பீர்கள். அது எதிர்த் திசையில் பிறந்தது. தோட்டங்களில், காலி செய்யச் சொன்ன லயங்களில், நகர்ப்புறப் புறம்போக்கு வீடுகளில் வேலை செய்த குழுக்கள் சேர்ந்து 1998-ல் கட்சி ஆரம்பித்தார்கள். தொழிற்கட்சி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்று சொல்வேன். ஆனால் பதிவு கிடைக்கவே பத்து வருடம், 2008 வரைக்கும். அதே 2008-ல் அந்தக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் தோற்கடித்தார், அதுவும் வேறு கட்சிச் சின்னத்தில். அப்புறம் 2018-ல் அங்கேயே டெபாசிட் போனது. 'டெபாசிட் கட்சி' என்று சிரிக்கிறார்கள். 1951-ல் ஒன்பதில் ஒன்று வாங்கிய பினாங்குத் தொழிற்கட்சிக்கு அடுத்த வாய்ப்பு சீக்கிரமே வந்தது, ஒரு வார்டில், சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிற அளவில். இன்று ஒரு சின்னக் கட்சி ஒரேயடியாக நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ நிற்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பெரிய கூட்டணிகளின் காலடியில்.

பினாங்கு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-ல் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டு வர மாநிலச் சட்டம் போட்டார்கள். 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் தீவிலிருந்து வரும் இரண்டாவது பாலம் எங்கள் பக்கத்துப் பத்து காவானுக்கு வந்து இறங்கியது. தோட்டமாக இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலை, பேரங்காடி. லயத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீட்டுக்கு மாறி, ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். கேட் இல்லை, துரை இல்லை, வீட்டு வரி கட்டுகிறோம். சட்டப்படி நாங்களும் இப்போது ஊராட்சிக்குள்தான் இருக்கிறோம்.

எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால் மழைக்கு நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, எங்கள் பகுதிக்கு மன்ற உறுப்பினர் யார் என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண், கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார். 'அண்ணே, இந்தத் தடவை நியமனம் இன்னும் முடியல. நீங்க உங்க ஏரியா கட்சிக் கிளைத் தலைவரைக் கேட்டுப் பாருங்க' என்றார்.