17 பொன்னாடை, 14 நிமிடம்

சனிக்கிழமை நம் மூத்தோர் சங்கத்தின் மாதப் பேச்சுக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று வாட்ஸ்அப் குழுவில் வந்த 31 படங்களைப் பார்த்தபிறகு முடியவில்லை. 30 படத்தில் பொன்னாடை. ஒன்றே ஒன்றில்தான் பேச வந்தவர் பேசுகிறார், அதிலும் கண்ணை மூடியிருக்கிறார்.

கணக்குப் போடுவோம். கூட்டம் 5.30-க்கு. தொடங்கியது 5.50. முதலில் பிறந்தநாள் வருகிறவர்களுக்குப் பொன்னாடை: பேரை வாசித்து, அவர் எழுந்து, முட்டியைப் பிடித்தபடி மேடையேறி, போட்டோவுக்கு நின்று இறங்க ஆளுக்கு இரண்டரை நிமிடம். 17 பேருக்கு 42 நிமிடம் போச்சு. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் 'இரண்டே வார்த்தை'. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பற்றிப் பேச மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்த வக்கீலம்மா கையில் மைக் வந்தபோது மணி 7.05. 7.19-க்கு 'நேரமின்மை காரணமாக' என்று துண்டுச் சீட்டு நீட்டியாச்சு. மாதம் ஒரு பேச்சு என்று ஆரம்பித்தது பேச்சைக் கேட்கத்தானே?

"பெரியவங்களுக்கு மரியாதை செய்யிறது தப்பா?" என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். தப்பில்லை அண்ணே. பிறந்தநாள் வருகிறவர்களை மொத்தமாக எழுந்து நிற்கச் சொல்லி ஒரே கைதட்டல், ஒரே போட்டோ. 3 நிமிடத்தில் முடியும். மரியாதையும் குறையாது, முட்டியும் வலிக்காது.

இது நேர ஒழுங்கு தெரியாத ஊரா? 1939-ல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி இது. குறித்த நிமிடத்தில் தொடங்கி குறித்த நிமிடத்தில் முடிப்பதற்கே பேர்போன மேடை. அதே ஊரில்தான் நாம் 20 நிமிடம் தாமதத்தை 'நம்மாளுங்கதானே' என்கிறோம்.

நம் வயதுக்குப் பேச்சு 40 நிமிடம்தான். அதற்கு மேல் நீர் மாத்திரை போடுகிறவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள், பாதி நாற்காலி காலியாகும். சுண்டலும் காபியும் பேச்சுக்கு முன்னால் 5.15-க்கே கொடுத்துவிட வேண்டும். சர்க்கரைக்காரர்களை ஏழரை வரை வெறும் வயிற்றில் உட்கார வைத்தால் காது கேட்காது, தலைதான் சுற்றும். பேசுகிறவருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம்: கேட்கிறவர்கள் யார், எத்தனை பேர், எத்தனை நிமிடம், கேள்விக்கு எவ்வளவு. மூன்று நாள் முன்பு ஒரு போன், முதல் நாள் ஒன்று. பஸ் செலவை உறையில் போட்டு வந்தவுடனே கொடுத்துவிட வேண்டும். கூட்டம் முடிந்து பொருளாளரைத் தேடி அவரை நிற்க வைப்பது அசிங்கம்.

அந்த மைக்! வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் உள்கட்டில், கூட்டம் போட்டால் எதிரொலிக்கும். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழச் சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. சத்தம் மோதி மோதித் திரும்புகிறது. கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் நாம் சவுண்டைக் கூட்டுகிறோம், இன்னும் குழம்புகிறது. ஒரு பெரிய பெட்டியைப் பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அந்தச் சத்தமே திரும்ப மைக்கில் புகுந்து 'கீ' என்று கத்தத்தான் செய்யும். இரண்டு சின்னப் பெட்டி, மைக்குக்கு முன்னால், இரண்டு பக்கமும், குறைந்த சவுண்டில். தரையில் ஜமுக்காளம் விரித்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும், ஆனால் ஓரத்தை டேப் போட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விடும்.

"எல்லாம் தெரிஞ்ச விஷயந்தான், யூடியூப்ல வருது" என்று இன்னொருவர். சரி. மூன்றாவது வரிசையில் ஒரு ஆச்சி கையில் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய கேள்வி இருந்தது. நாலாக மடித்து, வேர்வையில் ஈரமாகி. வீட்டை மகன் பேருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சு, இப்போது சோறு இல்லை, திரும்ப வாங்க முடியுமா? யூடியூப் அவர் பத்திரத்தைப் படித்துச் சொல்லுமா?

2007-ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லையென்றால், பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். வக்கீலம்மா அந்த வரிக்கு வந்தபோதுதான் சீட்டு நீட்டினோம்.

"குறை சொல்றவங்க வந்து நடத்தட்டும்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. போன் போட்டு அழைத்தது யார், பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது யார் என்று செயற்குழுவுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். இத்தனை பெரிய வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வெளியிலிருந்து ஒருவர் வந்து நமக்காக நாலு விஷயம் பேசுகிறார். அதைக்கூடக் கேட்கத் தெம்பில்லாமல் நம்மை நாமே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நமக்கு இனித் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கியில்லை என்றா?

ஆச்சியின் சீட்டைப் போட்டோ எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். பத்திர நகலை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் கண் டாக்டர். "எனக்கு எத்தனை நிமிஷம் சார்?" என்று இன்று காலை கேட்டார். செயற்குழு என்னிடம் சொன்னால் அவரிடம் சொல்கிறேன்.