பி-யை மாற்றினால் என்ன ஆகும்?

கணக்கு ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். "ஒய் = எக்ஸ் ஸ்கொயர் + பி எக்ஸ் + 1. வரைந்தால் பரவளையம். இதில் பி-யை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வளைவு எப்படி நகரும்?"

கடைசியில் உள்ள மாறிலியைக் கூட்டினால் வளைவு மேலே ஏறும். எக்ஸ் ஸ்கொயரின் கெழுவைக் கூட்டினால் ஒடுங்கும், அதன் குறி மாறினால் கவிழும். இதையெல்லாம் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். பி என்றதும் கொஞ்சம் தயங்குவார்கள். "இடப்பக்கம் போகும்" என்பார் ஒருவர். "கீழேயும் இறங்குமே" என்பார் இன்னொருவர். எந்த வழியாக இறங்கும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் பி-க்கு ஒரு ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை) வைத்து, மைனஸ் 4-லிருந்து 4 வரை இழுங்கள். பரவளையத்தின் முனை (2, −3)-இல் கிளம்பி (0, 1) வரை ஏறி, மறுபக்கம் (−2, −3)-க்கு இறங்கும். முனைக்கு 'டிரேஸ்' போட்டிருந்தால் அது போன தடமும் திரையில் விழும். அந்தத் தடமும் ஒரு பரவளையம்தான், கவிழ்ந்த பரவளையம். ஒய் = 1 − எக்ஸ் ஸ்கொயர்.

இதைப் பார்த்த வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை "ஏன் சார்?" என்று கேட்டே தீரும். அப்போது கரும்பலகைக்குப் போகலாம். வர்க்கப் பூர்த்தி செய்தால், அதாவது கோவையை (எக்ஸ் + பி/2) ஸ்கொயர் வரும்படி மாற்றி எழுதினால், முனையின் எக்ஸ் மதிப்பு மைனஸ் பி/2, ஒய் மதிப்பு 1 − பி ஸ்கொயர்/4. இரண்டிலிருந்தும் பி-யை நீக்கினால் தடத்தின் சமன்பாடு கையில் வந்துவிடும். இரண்டே வரி. வர்க்கப் பூர்த்தி முறை எதற்கு என்றே தெரியாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு அன்றுதான் அதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

என் கட்சி இதுதான்: ஸ்லைடரை இழுக்கும் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதின ஊகம் பொய்த்தால்தான் ஏன் என்ற கேள்வி சொந்தக் கேள்வியாகும். இப்போது பல இடங்களில் நடப்பது வேறு. ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் இழுக்கிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள், "அழகா இருக்குல்ல" என்று முடிகிறது. அதற்கு யூடியூப் போதுமே!

வடிவியலில் இன்னும் கறாரான ஒரு சோதனை உண்டு. பிரான்சில் 1980-களில் உருவான காப்ரி, அமெரிக்காவில் 1991-இல் வந்த ஸ்கெட்ச்பேட், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய ஜியோஜீப்ரா, இந்த மூன்று வடிவியல் மென்பொருள்களுக்கும் உயிர்நாடி ஒன்றே: புள்ளியைப் பிடித்து இழுக்கலாம். "ஒரு சதுரம் வரை" என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் கண்ணளவில் நாலு புள்ளி வைத்துக் கோடு போட்டுக் காட்டுவார்கள். பார்க்கச் சதுரம்தான். ஒரு மூலையை இழுத்தால் குலைந்துவிடும். செங்குத்துக்கோடும் வட்டமும் வைத்து அமைத்த சதுரமோ, முதலில் வைத்த இரண்டு மூலைகளில் எதை இழுத்தாலும் பெரிதாகும், சுழலும், சதுரமாகவே இருக்கும். 'அமைத்தல்' என்றால் என்னவென்று பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு இழுப்பு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். திருத்துவதற்குச் சிவப்பு மையும் வேண்டாம்.

ஆனால் திரையில் பார்த்தது நிரூபணம் ஆகாது. இதை அழுத்திச் சொல்லாவிட்டால் கருவியே கெடுதலாகிவிடும். எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் + 41 என்ற, கணித மேதை ஆய்லரின் கோவையில் 0 முதல் 39 வரை எந்த முழு எண்ணைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681, அதாவது 41 பெருக்கல் 41. முப்பத்தொன்பது வரை பார்த்துவிட்டுக் கை தட்டியவர்கள் கதி என்ன?

கம்ப்யூட்டர் இல்லாத பள்ளி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சுந்தர ராவ் என்பவர் 1893-இலேயே சென்னையில் காகிதம் மடித்து வடிவியல் கற்பதற்கென்று ஒரு நூல் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துச் சொல்ல, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. நம் ஊர் ஆளை நமக்குத்தான் தெரியவில்லை, வழக்கம்போல. ஒரு தாளின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வையுங்கள். விளிம்பின் ஏதாவது ஓரிடம் புள்ளிமேல் படும்படி மடித்து, அழுத்தி, பிரியுங்கள். விளிம்பில் இடத்தை மாற்றி மாற்றி இதையே செய்தால், மடிப்புக் கோடுகள் சேர்ந்து ஒரு பரவளையத்தை வளைத்துக் காட்டும். ஒவ்வொரு மடிப்பும், புள்ளியையும் விளிம்பில் எடுத்த இடத்தையும் சேர்க்கும் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் மையக்குத்துக்கோடு. புள்ளிதான் குவியம், விளிம்புதான் இயக்குவரை; இரண்டிலிருந்தும் சம தூரத்தில் உள்ள இடங்கள் சேர்ந்ததுதான் பரவளையம். செலவு, ஒரு தாள்.

"பரீட்சைக்கு இது வருமா?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். கவராயம் பிடிக்கவும் கிராஃப் ஷீட்டில் புள்ளி வைக்கவும் கை பழகத்தான் வேண்டும். அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் வரைபடம் போட்டுத் தீர்வுகளின் தன்மையைச் சொல்லச் சொன்னால், வளைவைப் பார்க்காமலே "மெய், சமமில்லை" என்று ஒப்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாறிலியை இழுத்து, வளைவு எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டி, பிறகு தொட்டு, பிறகு விலகி எழும்புவதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை அப்படி ஒப்பிக்காது. வினாத்தாள் எடுப்பவர்கள் மனசு வைத்தால் இதற்கு வழி எளிது. "எக்ஸ் ஸ்கொயர் − 4 எக்ஸ் + சி என்ற வளைவு எக்ஸ் அச்சை ஒரே இடத்தில் தொட சி எவ்வளவு இருக்க வேண்டும்? சி அதைவிடக் கூடினால் என்ன ஆகும், ஏன்?" கிராஃப் ஷீட் வேண்டாம், 2 மதிப்பெண் போதும்.